வெளிநாட்டுச் சைக்கிள் பயணத்துக்கு மாரத்தான் பிளஸ் டயர்: யாருக்கு உதவும், யாருக்கு வேண்டாம்

ஷ்வால்பே கம்பெனியின் மாரத்தான் பிளஸ் டயர் பஞ்சருக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது. மூட்டை முடிச்சோடு நண்பர்கள் இரண்டு பேர் வெளிநாட்டில் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டப் போகிறீர்கள், விசா நாளும் லீவு நாளும் எண்ணி வைத்தது, ரோட்டோரம் உட்கார்ந்து டியூப் பிரிக்க நேரமில்லை என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் வாங்காதீர்கள். இந்த டயரை ரிம்மில் ஏற்றுவது தனி வேலை. கை பழகாமல் கொண்டுபோனால், எப்போதோ ஒரு தடவை ஆகிற பஞ்சரே பாதிப் பகலைத் தின்றுவிடும். இரண்டு மாசம் முன்னாடி வாங்கி, வீட்டு வாசலில் நாலு தடவை கழற்றி மாட்டிப் பழகிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

வடசென்னைக்காரர்களுக்கு இந்த டயரைச் சோதித்துப் பார்க்க எங்கேயும் தூரம் போக வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். லாரி டயர் வெடித்துக் கிழியும்போது அதற்குள் இருக்கும் எஃகு இழைகள் துண்டு துண்டாகத் தெறித்து, ரோட்டோர மண்ணோடு கலந்துவிடும். சைக்கிள் ஓட்டுகிறவர் லாரிக்குப் பயந்து ஒதுங்குகிற இடமும் அதே ஓரம்தான். இந்த இழை ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இராது. டயரில் குத்தியதும் காற்று இறங்காது. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறி, பத்து இருபது கிலோமீட்டர் தாண்டிய பிறகு டியூபைத் தொடும். தாய்லாந்து நெடுஞ்சாலைகளின் ஓரத்திலும் இதே இழைதான் சைக்கிள் பயணிகளைப் பிடித்து ஆட்டுகிறது. எனவே எண்ணூர் ரோட்டில் ஒரு மாசம் தாங்கிய டயர் அங்கேயும் தாங்கும் என்று நம்பிப் போகலாம்.

முள்ளுக்கும் பஞ்சமில்லை. மீஞ்சூர், பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு வரை ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம்தான். தரையோடு படர்கிற நெருஞ்சியும் உண்டு. திருவொற்றியூரிலிருந்து பழவேற்காடு போய்த் திரும்பினால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். முழு மூட்டையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்க ஏற்ற தூரம் அது.

உள்ளே என்ன இருக்கிறது

டயரின் தரை தொடும் பகுதிக்கும் உள் துணிக்கும் நடுவே 5 மி.மீ. தடிமனுள்ள நீல நிற ரப்பர் பட்டை ஓடுகிறது. கம்பெனி அதற்கு ஸ்மார்ட்கார்டு (SmartGuard) என்று பேர் வைத்திருக்கிறது. மற்றப் பல டயர்களில் இந்த இடத்தில் கெட்டியான நைலான் அல்லது கெவ்லார் துணி இருக்கும். துணியின் வேலை, கூரான பொருளைத் தடுப்பது. ஆனால் மெல்லிய கம்பி இழை நெசவின் இடுக்கில் நுழைந்துவிடும். மாரத்தான் பிளஸ் வேறு வழியில் போகிறது. குத்துகிற பொருளை அது தடுக்கப் பார்ப்பதில்லை. டியூபை எட்டாத தூரத்தில் நிறுத்தி வைக்கிறது. மேல் ரப்பரும் இந்தப் பட்டையும் சேர்ந்த தடிமனைத் தாண்டுகிற நீளம் சாதாரணக் கண்ணாடிச் சில்லுக்கும் நெருஞ்சி முள்ளுக்கும் கிடையாது. அவை நீலப் பட்டையிலேயே பதிந்து நின்றுவிடும். அதே கம்பெனியின் சாதாரண மாரத்தான் டயரில் இதே இடத்தில் இருக்கும் பச்சைப் பட்டை 3 மி.மீ.தான். அந்த 2 மி.மீ. வித்தியாசம்தான் கம்பி இழை விஷயத்தில் பெரிய வித்தியாசமாகத் தெரியும்.

நீளமான சீமைக் கருவேல முள் நேராக நிமிர்ந்து குத்தினால் இந்தப் பட்டையையும் தாண்டும். பக்கவாட்டுச் சுவரிலோ பட்டையே இல்லை. கல் விளிம்பில் உரசினால், உடைந்த பாட்டில் பக்கமாகக் கிழித்தால், மற்ற டயர் போலவே இதுவும் கிழியும். 'பஞ்சரே ஆகாத டயர்' என்று கடையில் சொன்னால் அந்த வார்த்தையைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எடை கூடுதல்தான். 37 மி.மீ. அகல டயர் ஒவ்வொன்றும் முக்கால் கிலோவைத் தாண்டும். மூட்டை இல்லாமல் ஓட்டும்போது கால் அதை உடனே உணரும், நின்று கிளம்பும்போது சைக்கிள் மந்தமாக இருக்கும். ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் போன பிறகு அந்த மந்தம் மொத்தப் பாரத்தில் கரைந்துவிடுகிறது. இருந்தாலும் இது வேகமான டயர் இல்லை. தடித்த ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்வதற்கு உங்கள் காலிலிருந்துதான் சக்தி போகிறது. நாள் முழுக்க எதிர்க்காற்றில் ஓட்டுகிற ஊருக்கு இதைப் போட்டுக்கொண்டு போனால் மாலையில் கால் சொல்லும். மழை ஈரத்தில் வெள்ளைக் கோட்டின் மேலும் இரும்பு மூடிகளின் மேலும் இதை நம்பிச் சாய்ந்து திரும்பாதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய எண்

இங்கேதான் நம்ம ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். டயரில் '28' என்று போட்டிருக்கும். வீட்டில் இருக்கும் பழைய ரோட்ஸ்டர் சைக்கிளின் டயரிலும் '28' என்றே இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. நம்ம ரோட்ஸ்டரின் 28 x 1½ டயருக்கு ரிம் விட்டம் 635 மி.மீ. மாரத்தான் பிளஸின் 28 அங்குல டயருக்கு 622 மி.மீ. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தை டயரை நெம்புகிற எந்த லீவராலும் சரிக்கட்ட முடியாது. 26 அங்குலத்திலும் இதே குழப்பம் உண்டு. மலைச் சைக்கிளின் 26 என்பது 559. 26 x 1⅜ என்பது 590.

அங்குலக் கணக்கை மறந்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் '37-622' என்பது போல அச்சிட்டிருக்கும் ஜோடி எண்ணைப் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் உட்காரும் விட்டம். இப்போது போட்டிருக்கும் டயரின் இரண்டாவது எண்ணும் வாங்கப்போகும் டயரின் இரண்டாவது எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அதில் சலுகையே கிடையாது. 700சி என்பதும் 29 அங்குலம் என்பதும் 622தான், 27.5 என்பது 584. அகலத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் மட்கார்டுக்கும் பிரேக்குக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே சுற்றிலும் ஒரு விரல் நுழைகிற இடம் வேண்டும். இல்லாவிட்டால் ஈரமண் ரோட்டில் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்.

மூட்டையோடு தார் ரோட்டுப் பயணத்துக்கு 37 அல்லது 40 மி.மீ. போதும். 32-க்குக் கீழே மூட்டை ஏற்றாதீர்கள்.

மாட்டுகிற வேலை

தொண்டையார்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் இருக்கிற பல சைக்கிள் கடைகளில் ரோட்ஸ்டர் டயரும் பையன்கள் ஓட்டுகிற கியர் சைக்கிள் டயரும்தான் அன்றாட வேலை. அந்த டயர்களைக் கையாலேயே ஏற்றிவிடலாம். மாரத்தான் பிளஸைக் கொடுத்தால், நல்ல கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கூட ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கப் பார்ப்பார். 'அண்ணே, அது வேணாம், டியூப் கிழிஞ்சுடும், நானே போட்டுப் பாக்குறேன், பக்கத்துல இருந்து சொல்லிக் குடுங்க' என்று மரியாதையாகக் கேட்டு, நீங்களே செய்வது நல்லது. வெளிநாட்டில் அந்த அண்ணன் பக்கத்தில் இருக்க மாட்டார்.

இது ஏன் கஷ்டம் என்று புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். டயரின் விளிம்புக் கம்பி அந்தப் பள்ளத்தில் இறங்கினால் மறுபக்கத்தில் கொஞ்சம் தளர்வு கிடைக்கும், அந்தத் தளர்வில்தான் கடைசித் துண்டு உள்ளே ஏறும். மாரத்தான் பிளஸின் தடித்த பட்டை டயரை விறைப்பாக்கிவிடுவதால், பள்ளத்தில் இறக்கிய விளிம்பு கையை எடுத்ததும் எழும்பி மேலே வந்துவிடுகிறது. ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் நழுவி வெளியே வரும். டியூப் இல்லாமல் ஓட்டுவதற்கென்று வடிவமைத்த புது ரிம்களில் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் திட்டு மாதிரி மேடு இருக்கும். அவற்றில் இன்னும் இறுக்கம்.

முதலில் ரிம் டேப்பைப் பாருங்கள். போக்ஸ் கம்பிகளின் துளைகளை முழுக்க மூட வேண்டும், ஆனால் மொத்தமான துணி டேப்பாக இருந்தால் பள்ளத்தின் ஆழத்தை அது தின்றுவிடும். மெல்லிய, ஒட்டுகிற பிளாஸ்டிக் டேப்பாக மாற்றினாலே டயர் ஏறுவது கண்கூடாகச் சுலபமாகும். சுருண்டு வந்த புது டயரைச் சக்கரத்தில் ஏற்றும் முன் ஒரு மணி நேரம் வெயிலில் போடுங்கள். சித்திரை வெயில் வேண்டாம், நம்ம ஊர் தை மாச வெயிலே போதும். ரப்பர் இளகும். பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். அதைச் சரிபார்த்துக்கொண்டு முதல் விளிம்பை முழுக்க உள்ளே ஏற்றுங்கள். டயரில் இருக்கும் கம்பெனிப் பேர் வால்வுக்கு நேராக வரும்படி வையுங்கள். பிறகு பஞ்சரானால், டியூபில் ஓட்டை எங்கே இருக்கிறதோ அதை வைத்து டயரில் முள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இந்த அடையாளம் உதவும்.

டியூபுக்கு உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று வையுங்கள். வால்வைத் துளையில் நுழைத்து, நட்டைத் தளர்வாக விட்டு, டியூபை டயருக்குள் சுற்றிலும் தள்ளுங்கள். இரண்டாவது விளிம்பை ஏற்றத் தொடங்க வேண்டிய இடம் வால்வுக்கு நேர் எதிரே. முடிக்க வேண்டிய இடம் வால்வு. காரணம் இருக்கிறது: வால்வின் அடிப்பகுதி தடிப்பாக இருப்பதால் அந்த இடத்தில் விளிம்பு பள்ளத்தில் இறங்காது. அங்கிருந்து தொடங்கினால் கடைசியில் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய தளர்வு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

எதிர்ப்புறத்தில் விளிம்பை ஏற்றியதும், டயரை இரண்டு கையாலும் நசுக்கி இரண்டு விளிம்பையும் பள்ளத்துக்குள் தள்ளி, அந்த இடத்தில் ஒரு பட்டையால் ரிம்மோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுங்கள். கேரியரில் மூட்டை கட்டும் வார், வெல்க்ரோ பட்டை, பிளாஸ்டிக் கேபிள் டை, எதுவானாலும் சரி. இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி இன்னும் இரண்டு கட்டு. இந்தக் கட்டுகள்தான் மூன்றாவது கை. அதன் பிறகு இரண்டு பக்கமிருந்தும் வால்வை நோக்கி உள்ளங்கையால் உருட்டி உருட்டி ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தடவை பின்னால் போய், ஏறிய பகுதியைப் பள்ளத்துக்குள் அழுத்தி, தளர்வை முன்னால் இழுத்துவர வேண்டும். அவசரப்பட்டு இதை விட்டுவிட்டால் கடைசி ஒரு சாண் ஏறவே ஏறாது.

அந்தக் கடைசிச் சாணில் சோப்புத் தண்ணீரை விளிம்பில் தடவுங்கள். எண்ணெய், கிரீஸ் கூடாது. ரப்பர் கெடும், ஓடும்போது டயர் ரிம்மில் வழுக்கும். நண்பர் எதிர்ப்புறத்தில் நசுக்கிப் பிடிக்க, நீங்கள் கட்டைவிரலின் அடிச்சதையால் தள்ள வேண்டும். லீவர் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், தடித்த பிளாஸ்டிக் லீவரை முனை மட்டும் உள்ளே போகும்படி வைத்து, ஒரு தடவைக்கு இரண்டு விரல் அகலம் மட்டும் தூக்குங்கள். லீவர் ஆழமாகப் போனால் டியூபைக் கடித்துவிடும். மாட்டின கையோடு காற்று இறங்குகிற டயர்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். டயர் மேல் பழி போட்டுப் பிரயோஜனமில்லை.

ஏறியதும் வால்வை ஒரு தடவை உள்ளே அழுத்தி வெளியே இழுங்கள். டயரைச் சுற்றிலும் ஒதுக்கிப் பார்த்து, விளிம்புக்குக் கீழே டியூப் எங்கேயும் எட்டிப் பார்க்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். கொஞ்சம் காற்றடித்து, ரிம்முக்கு ஒட்டினாற்போல டயரில் ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ரிம்மிலிருந்து ஒரே இடைவெளியில் போக வேண்டும். எங்கேயாவது கோடு ரிம்முக்குள் அமுங்கியிருந்தால் காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடியும் அடிக்க வேண்டும். டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

கழற்றும்போது முழுக் காற்றையும் இறக்கி, சுற்றிலும் இரண்டு விளிம்பையும் பள்ளத்துக்குள் தள்ளிய பிறகே லீவரைத் தொடுங்கள். லீவரை வால்வுக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். அந்த நேரத்தில் எதிர்ப்புறம் பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். மெல்லிய லீவர்கள் இந்த டயரில் முறியும். இரும்பு உள்ளே, பிளாஸ்டிக் வெளியே என்று வருகிற லீவர் மூன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தமும், இந்த டயர் தடுக்காத பஞ்சர்களும்

70 கிலோ ஆள், 15 கிலோ சைக்கிள், 20 கிலோ மூட்டை, மூட்டை முழுக்கப் பின்னால் என்றால், மொத்தப் பாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பின்சக்கரத்தில்தான் இறங்கும். 37 மி.மீ. டயருக்குப் பின்னால் 65 முதல் 70 பி.எஸ்.ஐ., முன்னால் 50 முதல் 55 என்று தொடங்கிப் பாருங்கள். முன்சக்கரத்தின் இரு பக்கமும் பை மாட்டினால் முன்னால் ஒரு ஐந்து கூட்டுங்கள். இந்த டயரின் சுவர் விறைப்பாக இருப்பதால் விரலால் அழுத்திப் பார்த்து அளவிட முடியாது. காற்று குறைந்திருந்தாலும் கெட்டியாகத்தான் இருக்கும். ஏமாந்து அப்படியே ஓட்டினால், குழியில் விழும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டியூப் நசுங்கி, அக்கம்பக்கமாக இரண்டு வெட்டு விழும். 5 மி.மீ. பட்டையால் இதைத் தடுக்கவே முடியாது. அழுத்தமானி இல்லாமல் இந்த டயரை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

வால்வின் அடியில் டியூப் கிழிவது, ரிம் டேப் விலகிப் போக்ஸ் துளையில் டியூப் பிதுங்கி வெடிப்பது, இவையும் உள்ளிருந்து வருகிற கோளாறுகள். மாரத்தான் பிளஸ் போட்டவர்களுக்கு வருகிற பஞ்சர்களில் இந்த வகைக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். கார், பைக்குக்குப் போடுகிற தடித்த வால்வுக்கு ரிம்மில் 8.5 மி.மீ. துளை இருக்கும், மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு 6.5 மி.மீ. பெரிய துளையில் மெல்லிய வால்வைப் போட்டால் அது ஆடி ஆடித் துளையின் விளிம்பில் அறுபடும். நடுவில் போடுகிற சின்ன வளையம் கிடைக்கும். அதைப் போடாமல் ஓட்டாதீர்கள்.

கம்பி இழை குத்தின பஞ்சரை ஒட்டும்போது, இழையை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் அதுவும் போய்விடும். டயருக்குள் விரலை ஓட்டினால் தெரியாது, தெரிந்தால் விரலில் இரத்தம் வரும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் முழுக்க மெதுவாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். எங்கே பஞ்சின் நூல் மாட்டி நிற்கிறதோ அங்கேதான் இழை. டயரை வெளிப்பக்கமாக மடித்து வளைத்தால் அதன் முனை பளிச்சென்று தெரியும். தடித்த பட்டைக்குள் இருக்கும் இழையை நகத்தால் பிடிக்க முடியாது. கூர்முனைச் சிமிட்டா (ட்வீசர்) ஒன்று அவசியம் பையில் இருக்க வேண்டும். ஒட்டுவது நம்ம பஞ்சர் கடை முறைதான். உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, சொல்யூஷனை ஒட்டைவிட அகலமாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அதன் பிறகு ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் ஒட்டுப் பிரிவதற்கு முதல் காரணம். ஒரு தடவை திறந்த சொல்யூஷன் ட்யூப் சில வாரங்களில் காய்ந்துபோகும். எனவே பெரியது ஒன்றுக்குப் பதிலாகத் திறக்காத சின்னது மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் போகும்போது

இரண்டு சைக்கிளுக்கும் ஒரே அளவு ரிம், ஒரே வகை வால்வு இருந்தால் சுமை கணிசமாகக் குறையும். ஒருவருக்கு 622, இன்னொருவருக்கு 559 என்றால் டியூபிலிருந்து எல்லாமே இரட்டிப்பு. பயணத்துக்கென்று புதிதாகச் சைக்கிள் வாங்குகிறவர், வாங்கும் முன் நண்பருடைய டயரின் எண்ணைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மாரத்தான் பிளஸின் விளிம்பில் எஃகுக் கம்பி இருப்பதால் அதை மடித்துப் பையில் வைக்க முடியாது. மூன்று வளையமாகச் சுருட்டிக் கேரியரின் மேல் கட்டலாம், ஆனால் அது பெரிய பாரம். மாற்று டயராக எடுத்துப்போக மடிக்கக்கூடிய மாரத்தான் மொண்டியல் போன்ற ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று போதும். ஆளுக்கு இரண்டு டியூப், ஆளுக்கு ஒரு பம்ப், ஆளுக்கு ஒரு ஒட்டுப் பெட்டி. இந்த மூன்றையும் பங்கு போடாதீர்கள். ஒருவர் முன்னால் போய் அடுத்த ஊரில் டீ குடித்துக்கொண்டிருக்க, பின்னால் வருகிறவர் பம்ப் இல்லாமல் நிற்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கிற விஷயம். அழுத்தமானி, செயின் கருவி, சிமிட்டா, மாற்று டயர் இவை பொதுவாக இருக்கலாம். பாதி டயர் கிழிந்தால் உள்ளே வைத்துத் தைக்கவோ ஒட்டவோ பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு விரல் நீளத் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனி, நெதர்லாந்து, ஜப்பான் ஊர்ச் சைக்கிள்களில் நம்ம ஊர் ரோட்ஸ்டரில் இருப்பது போன்ற பழைய டன்லப் வகை வால்வு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அங்கே தங்கும் இடத்தில் இருக்கும் பம்ப் உங்கள் வால்வுக்குப் பொருந்தாமல் போகலாம். பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும், எடையே தெரியாது.

எந்த வழிக்கு, எந்த வழிக்கு வேண்டாம்

தாய்லாந்து, வியட்நாம், மலேசியா, இலங்கை போன்ற நாடுகளில் லாரிகளோடு ஒரே ரோட்டைப் பகிர்ந்து ஓட்டுவதற்கு இது சரியான டயர். அங்கே எடையும் மந்தமும் கொடுக்கத் தகுந்த விலைதான். டான்யூப் ஆற்றங்கரையில் ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை போகிற சைக்கிள் பாதைக்கு இது தேவையே இல்லை. ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அந்தப் பாதையில் பெரும்பகுதி லாரி வராத நல்ல தார்ப்பாதை. சாதாரண மாரத்தானோ அதைவிட லேசான டயரோ போட்டால் சுகமாக ஓட்டலாம். தைவானைச் சுற்றி வரும் முதலாம் எண் சைக்கிள் வழித்தடத்துக்கும் நான் சாதாரண மாரத்தானையே சொல்வேன்.

தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான் வழியாகப் போகும் பாமீர் நெடுஞ்சாலை என்றால் 37 மி.மீ. மாரத்தான் பிளஸோடு போகாதீர்கள். அங்கே பிரச்சினை முள் இல்லை, அலை அலையாகக் கிடக்கும் சரளைக்கல் ரோடு. அந்த வழியில் வரும் அக் பைத்தால் கணவாய் 4,655 மீட்டர் உயரம். ஒடுங்கிய கெட்டி டயர் அந்த ரோட்டில் புதையும், ஒவ்வொரு அலையும் முதுகுத்தண்டில் இடிக்கும், கேரியர் போல்ட்டு கழலும். 50 மி.மீ. அகலத்தில் குறைந்த காற்றோடு ஓட்டுகிற டயர்தான் அங்கே சரி. உங்கள் சைக்கிளில் அவ்வளவு அகலம் நுழையாவிட்டால், டயரைப் பற்றி யோசிப்பதைவிட வழியை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

விமானத்துக்குப் பெட்டியில் அடைக்கும்போது டயரில் காற்றை இறக்கச் சொல்வார்கள். சரக்கு அறையிலும் அழுத்தம் பராமரிக்கப்படுகிறது. முழுக்கக் காற்றில்லா வெளியில் வைத்தால்கூட டயரின் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் கூடாது, ஆகவே வெடிக்கும் என்ற பயம் வேண்டாம். ஆனாலும் கவுன்டரில் வாதாடாமல் இறக்கிவிடுங்கள். முழுக்க இறக்க வேண்டாம், 20 பி.எஸ்.ஐ. அளவு விட்டுவைத்தால் பெட்டியைத் தூக்கிப் போடும்போது ரிம்முக்குக் காப்பாக இருக்கும்.

விலை அதிகம்தான். ஒன்றின் விலைக்கு நம்ம தெருமுனைக் கடையில் பல சாதாரண டயர் வாங்கிவிடலாம். ஆனால் மாரத்தான் வகை டயர்கள் 6,000 முதல் 12,000 கிலோமீட்டர் வரை ஓடும் என்று கம்பெனியே சொல்கிறது. ஒரு பயணத்தோடு தேய்கிற டயர் இல்லை. வந்த பிறகு எண்ணூர் பக்கம் கடற்காற்றில் சைக்கிள் நிறுத்துகிறவர்கள் வால்வு நட்டுக்கும் போக்ஸ் முனைகளுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உப்புப் பிடித்து இறுகினால் வால்வு நட்டைத் திருகும்போது டியூபே கிழிந்துவிடும். பின்டயர் முன்டயரைவிடச் சீக்கிரம் தேயும். தேய்ந்ததும் முன்னால் இருப்பதைப் பின்னால் போட்டு, புதியதை முன்னால் போடுங்கள், ஏனென்றால் முன்டயர் வழுக்கினால் ஆள் விழுவது உறுதி. நடுவில் நீலப் பட்டை எட்டிப் பார்த்துவிட்டால் அந்த டயரை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.